மெல்லிசையிலிருந்து வல்லிசைக்கு: டீப் பர்ப்பிள் குழுவின் 'இன் ராக்'

தொல்காப்பியச் செய்யுளியல் வல்லிசை வண்ணம், மெல்லிசை வண்ணம் என வேறுபடுத்துவது எழுத்துகளின் மிகுதி பற்றியே ஆகும். வல்லெழுத்து மிக்கதனால் ஒரு செய்யுள் செய்யுளாகாமல் போவதில்லை. ஆயின், மேலைநாட்டு ராக் இசைக்குழு ஒன்று இனிய மெட்டுகளை விடுத்து வன்மையான ஹெவி மெட்டல் ஒலிக்குத் திரும்பும்போது, இசையே மாண்டது எனப் பழைய சுவைஞர்கள் வருந்துவதைக் காண்கிறோம். இவ்வருத்தம் பொருந்துமா என்பதை, இங்கிலாந்தின் டீப் பர்ப்பிள் குழு 1970ஆம் ஆண்டு ஜூனில் வெளியிட்ட 'இன் ராக்' தொகுப்பின்வழி இக்கட்டுரை ஆராய முற்படுகிறது.

1968இல் தோன்றிய இக்குழு, ஜோ சவுத் இயற்றிய 'ஹஷ்' பாடலால் அமெரிக்கத் தரவரிசையில் 4ஆம் இடம் வரை சென்றது. ராட் எவன்சின் மென்குரலும் ஜான் லார்டின் செவ்வியல் நாட்டமுமே அதன் தொடக்கக்கால அடையாளங்கள். 1969 செப்டம்பர் 24ஆம் நாள் இலண்டன் ராயல் ஆல்பர்ட் அரங்கில், மால்கம் அர்னால்டு நெறிப்படுத்த, ராயல் பில்ஹார்மானிக் இசைக்குழுவுடன் லார்டின் படைப்பு அரங்கேறியது. அடுத்த ஒன்பது மாதங்களுக்குள் 'இன் ராக்' வெளிவந்தது. செவ்வியல் இசைக்குழுவின் துணைக்குழுவாகத் தாம் அறியப்படுவதைக் கித்தார் கலைஞர் ரிச்சி பிளாக்மோர் விரும்பாமையே இத்திருப்பத்திற்கு முதற்காரணம் எனலாம்.

மாற்றத்தின் பின்னணியில் ஒரு கறையும் உண்டு. எவன்சும் நிக் சிம்பரும் மேடையேறிக்கொண்டிருந்த நாள்களிலேயே, அவர்கள் அறியாவண்ணம் இயன் கில்லனும் ரோஜர் குளோவரும் மற்ற மூவருடன் ஒத்திகை பார்த்தனர். கலைத் தேவை இச்செயலை விளக்கலாம், நியாயப்படுத்தாது.

இனி ஒலிக்கு வருவோம். லார்டு தம் ஹாமண்டு ஆர்கனை மார்ஷல் ஒலிபெருக்கியின் வழியே செலுத்தி, அதன் தேவாலயத் தன்மையை உரப்பும் கரகரப்பும் கொண்டதாக்கினார். கித்தாருக்குத் துணைநின்ற கருவி அதனோடு பொருதும் கருவியாயிற்று. மெட்டு மறையவில்லை, அது தங்கும் இடம் மாறியது.

பத்து மணித்துளிகளைக் கடந்து நீளும் 'சைல்டு இன் டைம்' இதற்குச் சிறந்த சான்று. தணிந்த ஆர்கன், தாழ்ந்த குரல், பின்னர்ச் சொல்லற்ற ஓலம், விரைந்தோடும் கித்தார், திடீர் நிறுத்தம், மீண்டும் அதே தணிந்த தொடக்கம் என அது அமைகிறது. அவ்வோலத்தை ஆலாபனையோடு ஒப்பிடத் தோன்றலாம். எனக்கு அதில் உடன்பாடில்லை. ஆலாபனை இராகத்தை விரித்துரைப்பது. இங்கே குரல் படிப்படியாக உயர்ந்து கதறலாகிறது. போர் பற்றிய அச்சத்தைப் பாடும் பாடலுக்கு அக்கதறல் இன்றியமையாதது. முன்னுள்ள மென்மை இல்லையேல் அது வெறும் இரைச்சலாகவே எஞ்சியிருக்கும்.

அம்மென்மையான ஆர்கன் மெட்டு இரவல் பொருள் என்பதையும் மறைத்தலாகாது. 'இட்ஸ் எ பியூட்டிபுல் டே' என்னும் சான்பிரான்சிஸ்கோ குழுவின் 'பாம்பே காலிங்' (1969) அதன் மூலம். பெயரில் பம்பாய் இருப்பினும் இந்திய இசையை அதில் தேடுவோர் ஏமாறுவர். விரைந்த அம்மெட்டை டீப் பர்ப்பிள் மெதுவாக்கிப் புதுப்பொருள் தந்தது. கில்லன் இதனைப் பின்னர் வெளிப்படையாகவே ஒப்புக்கொண்டார். எனினும், பாடலை இயற்றியோராக ஐவர் பெயர் மட்டுமே பொறிக்கப்பட்டது. நம் மாணவர்களுக்கு எடுத்தாளுகைக்கும் களவுக்கும் உள்ள வேறுபாட்டைக் கற்பிக்கும் நாம், இதனைப் பாராட்டிவிட்டு மட்டும் நகர்தல் இயலாது.

பிரித்தானியத் தரவரிசையில் 'இன் ராக்' 4ஆம் இடம் பெற்றது. எல்லாப் பாடல்களும் ஒரே தரத்தின அல்ல. சில, விரைவையே பொருளாகக் கொண்டு சலிப்பூட்டுகின்றன. லார்டின் செவ்வியல் படைப்போ, அதே 1970இல் கையெழுத்துப்படியே தொலைந்து, ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் கிடப்பில் கிடந்தது. ஒலிப்பதிவைத் திரும்பத் திரும்பக் கேட்டு மார்கோ டி கோய் அதனை மீட்டெழுத, 1999இல் அதே அரங்கில் இலண்டன் சிம்பொனி இசைக்குழுவுடன் டீப் பர்ப்பிள் மீண்டும் அதனை இசைத்தது. கரகரத்த ஆர்கனின் முன் அன்றும் லார்டே அமர்ந்திருந்தார்.