பரவால்லியே!

'சூப்பர்' தமிழைக் கெடுக்கிறது என்று வருந்துகிறவர்கள் 'பரவாயில்லை' பற்றி வாய் திறப்பதில்லை. அதுவும் வெளியிலிருந்து வந்ததுதான். பாரசீகத்தில் 'பர்வா' என்றால் கவலை, அக்கறை. அதோடு நம்ம 'இல்லை' சேர்ந்துகொண்டது. காலை மிதித்தவர் மன்னிப்புக் கேட்டால் 'பரவால்ல'. காபியை மறுக்கவும் 'பரவால்ல'. காய்ச்சல் எப்படி? 'இப்ப பரவால்ல.' இதுவரை பழைய பொருளின் நிழல் இருக்கிறது.

'எப்படி இருக்கு?' என்பதற்குப் பதிலாக வரும்போதுதான் அது மதிப்பெண் ஆகிறது. குறை சொல்லும்படி இல்லை. நல்லது என்றும் ஒப்புக்கொள்ளவில்லை. ஏகாரம் சேர்ந்து 'பரவால்லியே!' ஆனால் பாராட்டுதான், ஆனால் 'உன்னிடம் இதை எதிர்பார்க்கவில்லை' என்பதும் உள்ளே இருக்கிறது.

இங்கே கருங்குழியில் கொத்தனார் பூச்சு முடித்ததும் வீட்டுக்காரர் சுவரைத் தடவிப் பார்த்து, 'ம்... பரவால்ல மேஸ்திரி' என்பார். வேலை பிடித்துத்தான் இருக்கும். வாய்விட்டுச் சொன்னால் கூலியைக் கூட்டிக் கேட்பாரோ என்ற கணக்கு. அதே மேஸ்திரி, 'உங்க வீடு பரவால்லங்க' என்று சொல்லிவிட முடியுமா? மேலிருந்து கீழே மட்டும் போகிற சொல் இது.

கண்ணு படும், அதனால் அடக்கிச் சொல்கிறோம் என்று இதற்குச் சமாதானம் உண்டு. திருஷ்டிக்குத்தான் வாசலில் பூசணிக்காய் கட்டியாச்சே! வேலை செய்தவரிடம் சொல்வதில் என்ன தடை?

வேல்ஸ் மொழியில் சாதாரணப் பேச்சிலேயே 'டா யவுன்' என்கிறார்கள். 'ரொம்ப நல்லது' என்று நேர்ப்பொருள். நமக்கும் 'நல்லாருக்கு' இருக்கிறது, 'அருமை' இருக்கிறது, 'செம' இருக்கிறது. சொல்லுக்குப் பஞ்சமில்லை, மனசுக்குத்தான்.

அந்த வகையில் 'சூப்பர்' எவ்வளவோ மேல். மேஸ்திரி சித்தாளிடம் சொல்லலாம், சித்தாளும் மேஸ்திரியிடம் சொல்லலாம், பிள்ளை டீச்சரிடமே சொல்லலாம். யாருக்கும் கோபம் வராது. ஒரு சொல் எந்த மொழியிலிருந்து வந்தது என்று ஆராய்கிற நேரத்தில், அதை யார் யாரிடம் சொல்ல முடிகிறது என்றும் கொஞ்சம் பார்க்கலாம். வேலை நன்றாக இருந்தால் நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு, கூலியைத் தனியாகப் பேசிக்கொள்ளலாம்.