வெண்பனி ஆற்றில் கறுப்பைத் தேடுங்கள்

ஜப்பானின் வடகோடித் தீவான ஹொக்கைடோவில், குஷிரோ நகரத்துக்கு வடக்கே ட்சுருய் என்றொரு கிராமம் இருக்கிறது. அங்கே செட்சுரி ஆற்றைக் கடக்கும் ஒதோவா பாலத்தில், ஜனவரி, பிப்ரவரி மாதங்களில் விடிவதற்கு வெகுநேரம் முன்பே ட்ரைபாட்கள் வரிசைகட்டிவிடும். லென்ஸ்கள் எல்லாம் ஆற்றின் மேல்பக்கத்தை நோக்கி இருக்கும். ஆழமில்லாத நீரில், ஜப்பானியர் தன்ச்சோ என்று அழைக்கும் செந்தலைப் பெருங்கொக்குகள் நின்றபடியே உறங்கிக்கொண்டிருக்கும். பனிக்கால ஆற்றைப் பார்க்கவும் படமெடுக்கவும் கற்றுக்கொள்ள இதைவிட நல்ல பள்ளிக்கூடம் எனக்குத் தெரிந்து இல்லை.

முதலில் கேட்கவேண்டிய கேள்வி: காற்று பூஜ்யத்துக்குக் கீழே 20 டிகிரிக்கு இறங்கும் இரவில், இந்தப் பறவைகள் ஏன் ஆற்றுக்குள் போய் நிற்கின்றன? செட்சுரியில் ஊற்றுநீர் கலக்கிறது, ஓட்டமும் உண்டு. அதனால் கடுங்குளிரிலும் அது முழுதாக உறைவதில்லை. கரையில் உள்ள பனியைவிட அந்த நீர் வெதுவெதுப்பானது. நரி நெருங்கினாலும் நீர் சலசலத்துக் காட்டிக்கொடுத்துவிடும். இதைத் தெரிந்துகொண்டு பார்க்கும்போது காட்சியின் மையம் இடம்மாறுகிறது. கண்ணைப் பறிக்கும் வெண்மை பின்னுக்குப் போய், உறைய மறுத்து ஓடும் அந்தக் கறுத்த நீர் முன்னுக்கு வருகிறது.

பனி ஆற்றுப் படத்துக்கு உயிர் கொடுப்பது கறுப்பு என்பதுதான் என் தீர்மானமான எண்ணம். வானத்தின் வெளிச்சம் படாத இடத்தில் நீர் மை போல இருக்கும். கரையோர மரங்களின் நிழல்பக்கம், பனி ஒட்டாத பாறை விளிம்பு, கொக்கின் கழுத்து, எல்லாம் கறுப்பு. கொக்கு நிற்கும்போது அதன் வால் கறுப்பாகத் தெரியும். உண்மையில் வால் வெள்ளைதான். மடித்த இறக்கையின் கறுப்பு இறகுகள் அதன்மேல் கவிந்து கிடக்கின்றன. பறக்க இறக்கை விரித்தால் இது தெளிவாகும். எந்தப் பனிப்படம் கையில் கிடைத்தாலும், கறுப்பு எங்கே தொடங்குகிறது, எந்தப் பக்கம் வளைந்து ஓடுகிறது, எங்கே மறைகிறது என்று கண்ணால் பின்தொடர்ந்து பாருங்கள். அந்தக் கோடு உங்களைப் படத்துக்குள் கூட்டிப்போனால் அது நல்ல படம்.

அடுத்தது வெள்ளை. இங்கேதான் கேமராவோடு கொஞ்சம் மல்லுக்கட்ட வேண்டும். அதிலுள்ள ஒளிமானி, எதிரே இருப்பது சராசரியாக நடுத்தரச் சாம்பல் என்று வைத்துக்கொண்டு கணக்குப் போடுகிறது. அந்தச் சாம்பல், தன்மேல் விழும் ஒளியில் ஏறத்தாழ 18 சதவீதத்தைத் திருப்பி அனுப்பும். புதிதாக விழுந்த பனியோ 80 முதல் 90 சதவீதம்வரை திருப்பி அனுப்புகிறது. இவ்வளவு வெளிச்சமா என்று மானி ஒளியைக் குறைத்துவிட, பனி துவைக்காத வேட்டி நிறத்தில் வந்து நிற்கும். அதனால் எக்ஸ்போஷர் காம்பென்சேஷனை 1 முதல் 2 ஸ்டாப்வரை கூட்டுங்கள். செல்பேசியில் எடுப்பவர்கள் திரையில் பனியைத் தொட்டு, வெளிச்சத்தை மேலே தள்ளினால் போதும்.

ஆனால் கூட்டுவதிலும் ஓர் எல்லை உண்டு. படத்தின் ஒளிப்பரவலைக் காட்டும் ஹிஸ்டோகிராம் வரைபடம் வலது ஓரத்தை நெருங்கலாம், அந்தச் சுவரில் முட்டக்கூடாது. முட்டினால் பனியின் மேலுள்ள நுண்ணிய பருக்கைகளும், காற்று வரைந்த மெல்லிய வரிகளும் அழிந்து, வெற்றுக் காகிதம் மிஞ்சும். நன்றாக எடுத்த படத்தில் வெள்ளைக்குள் பல வெள்ளைகள் இருக்கும். வெயில் படும் மேடு லேசான மஞ்சள். நிழல் விழும் பள்ளம் நீலம். அந்த நீலத்தைக் கேமராவின் பிழை என்று எண்ணி ஒயிட் பேலன்ஸில் துடைத்துவிடாதீர்கள். நேர்வெயில் எட்டாத இடத்துக்கு வானம் மட்டுமே ஒளி தருகிறது. தெளிந்த வானத்தின் ஒளி நீலம், அதை வாங்கிய பனியும் நீலம். மஞ்சளும் நீலமும் அடுத்தடுத்து இருக்கும்போதுதான் குளிர் கண்ணுக்குத் தெரிகிறது.

செட்சுரியின் விடியலில் இன்னொரு அதிசயமும் நடக்கும். மார்கழி அதிகாலையில் நம் ஊர்க் குளங்களில் ஆவி எழுவதைப் பார்த்திருப்பீர்கள். நீரைவிடக் காற்று குளிர்ந்திருக்கும்போது, நீரிலிருந்து எழும் ஈரம் உடனே சின்னத் துளிகளாகி மூடுபனியாகிறது. ஹொக்கைடோவில் அந்த வேறுபாடு பல டிகிரி என்பதால் ஆறே கொதிப்பது போன்ற தோற்றம். எழுந்த ஈரம் கரையோர மரங்களின் ஒவ்வொரு குச்சியிலும் படிந்து உறைய, மரம் முழுக்க வெள்ளையாகப் பூத்துவிடும். இதற்கு மூன்று நிபந்தனைகள்: மேகமில்லாத இரவு, காற்றின்மை, கடுங்குளிர். மேகம் இருந்தால் நிலத்தின் வெப்பம் வெளியேறாது. காற்று வீசினால் மூடுபனி கலைந்துவிடும். ஆகவே முந்தைய மாலையே வானிலை முன்னறிவிப்பைப் பார்த்துவிட்டுப் படுங்கள். ஜனவரியில் அங்கே 7 மணிக்குச் சற்று முன் சூரியன் எழும். சாய்ந்த ஒளி பட்டதும் மூடுபனி ரோஜா நிறமாகிப் பிறகு பொன்னிறமாகும். வெயில் ஏற ஏற மரங்களின் உறைபனி உதிர்ந்துவிடும். எனவே விடிந்தபின் கிளம்பிப் போவதில் பயனில்லை.

ஷட்டர் வேகம் பற்றி என் கருத்து பலருக்கு ஒவ்வாமல் போகலாம். நீண்ட நேரம் ஷட்டரைத் திறந்துவைத்து ஆற்றைப் பால்போல வழியவிடும் பாணி இன்று எங்கும் பரவியிருக்கிறது. பனி ஆற்றுக்கு அது பொருந்தவில்லை. சுற்றிலும் வெள்ளை இருக்க, நீரையும் வெள்ளையாக்கினால் படத்தில் பிடிமானம் போய்விடும். 1/60 விநாடி அளவில் நீரோட்டத்தின் வரிகள் தங்கும், கறுப்பும் தங்கும். பனி பெய்துகொண்டிருந்தால் 1/250 விநாடியில் அது பொட்டுப்பொட்டாக நிற்கும். 1/30 விநாடியில் கோடுகளாக இழுபடும்.

லென்ஸ் விஷயத்திலும் அப்படித்தான். கொக்குகள் தொலைவில் நிற்பதால் 600 மில்லிமீட்டர் லென்ஸ்கள் பாலத்தில் நிறைய. பறவையின் முகம் வேண்டுமென்றால் அது சரி. ஆறு வேண்டுமென்றால் பறவையைச் சின்னதாக விடுங்கள். டோக்கியோ தேசிய அருங்காட்சியகத்தில் ஹசெகாவா டொஹாக்கு 16-ஆம் நூற்றாண்டின் இறுதியில் வரைந்த பைன் மரத் திரைகள் இருக்கின்றன. மையால் வரைந்த சில மரங்கள், மீதியெல்லாம் வெறும் தாள். அந்த வெறுமைதான் மூடுபனி. ஹொக்கைடோவின் பனிக்காலத்தைக் கறுப்பு வெள்ளையில் எடுத்துப் புகழ்பெற்ற ஆங்கிலேயப் புகைப்படக் கலைஞர் மைக்கேல் கென்னாவின் படங்களிலும், வெள்ளைவெளியில் தனித்து நிற்கும் ஒரு மரமோ ஒரு வேலியோ போதுமானதாக இருக்கிறது. கிளம்பும் முன் இரண்டையும் நிதானமாகப் பாருங்கள். எதைச் சட்டகத்துக்கு வெளியே விடுவது என்ற துணிச்சல் வரும்.

குளிரில் பேட்டரி சீக்கிரம் தளரும். மாற்று பேட்டரியை உடம்போடு ஒட்டிய உள்பையில் வையுங்கள். அறைக்குத் திரும்புமுன், வெளியிலேயே கேமராவைக் காற்றுப்புகாத பிளாஸ்டிக் பையில் மூடிக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் சூடான அறையின் ஈரம் லென்ஸில் படியும்.

இந்தக் கொக்குகள் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜப்பானில் அழிந்தேவிட்டதாகக் கருதப்பட்டவை. 1924-ல் குஷிரோ சதுப்புநிலத்தில் ஒரு சிறு கூட்டம் மிஞ்சியிருப்பது தெரியவந்தது. உழவர்கள் பனிக்காலத்தில் மக்காச்சோளம் போட்டுக் காப்பாற்றினார்கள். இன்று ஹொக்கைடோவில் ஆயிரத்துக்கும் மேல் இருக்கின்றன. அந்த உழவர்களின் வயல்கள்தான் பனிக்கடியில் கிடக்கின்றன. வெள்ளையாகத் தெரிவதால் யாருக்கும் சொந்தமில்லாத வெளி என்று நினைத்துக் கால்வைப்பவர்கள் உண்டு. அதே தீவின் பியெய் ஊரில் படமெடுப்பவர்களிடையே பெயர்பெற்றிருந்த ஒரு பாப்லர் மரத்தை, 2016-ல் அதன் உடைமையாளரான உழவரே வெட்டிவிட்டார். மரம் தளர்ந்திருந்தது ஒரு காரணம். எவ்வளவு சொல்லியும் கேளாமல் படத்துக்காக வயலுக்குள் இறங்கியவர்கள் இன்னொரு காரணம். ஒதோவாவுக்குப் போனால் பாலத்திலேயே நில்லுங்கள், ஃபிளாஷ் போடாதீர்கள், ட்ரோன் பறக்கவிடாதீர்கள். நல்ல படத்துக்கு வேண்டிய எல்லாமே அந்தப் பாலத்திலிருந்தே தெரியும்.