எதை வேண்டுமானாலும் போடலாம்

அமெரிக்காவின் நியூ ஜெர்ஸியில் டபிள்யூ.எஃப்.எம்.யூ. என்று ஒரு ரேடியோ. 1958-ல் கல்லூரி நிலையமாகத் தொடங்கியது. 1995-ல் கல்லூரியையே மூடிவிட்டார்கள். ரேடியோ மட்டும் பிழைத்துக்கொண்டது. விளம்பரம் கிடையாது. நேயர்கள் தரும் காசில்தான் வண்டி ஓடுகிறது. இன்ன பாட்டுதான் போடணும் என்று யாரும் சொல்வதில்லை. நிகழ்ச்சி நடத்துபவர் (பெரும்பாலும் சம்பளமில்லாதவர்) தன் நேரம் முடியும்வரை ராஜா.

இணையத்தில் கேட்டுப் பார்த்தேன். சிலர் 'உனக்குத் தெரியாதது எனக்குத் தெரியும் பார்' என்று அபூர்வ இசைத்தட்டுகளாக அடுக்கி அறுக்கிறார்கள். அறுவை அதிகமானால் நேயர் பர்ஸை மூடிவிடுவாரே, சார்! நல்லவர்களுக்கு மட்டும் இந்தப் பாட்டுக்கு அப்புறம் அது ஏன் என்பது தெரிந்திருக்கிறது. காதைப் பிளக்கும் கிதாரை அடுத்து, யாரோ ஒரு கிழவியின் தாலாட்டு. இரண்டும் ஒரே துக்கம் என்பது அப்போதுதான் உறைக்கிறது. பெயர்களைப் பலர் நாலைந்து பாட்டு கழித்தே சொல்கிறார்கள். அதுவரை, பாடியவர் பெரிய ஆளா என்று பார்த்துத் தலையாட்ட வழியில்லை.