ஐந்து கோல் வாங்கிய பிறகு

2010 டிசம்பர் 1, ஜகார்த்தா. தென்கிழக்காசிய நாடுகளின் உதைபந்தாட்டச் சுற்றுப்போட்டியான சுசுக்கிக் கிண்ணத்தின் முதல் நாளிலேயே இந்தோனேசியா மலேசியாவை 5:1 என்று உதைத்து அனுப்பியது. மலேசியாவின் பயிற்றுவிப்பாளர் கிருஷ்ணசாமி ராஜகோபால். எங்கள் ஊர்க் கழகமாக இருந்திருந்தால் அன்றிரவே அவசரக் கூட்டம் கூடி, தேத்தண்ணி ஆறுவதற்குள் அவரை வீட்டுக்கு அனுப்பியிருப்பார்கள். தெரியாமல் சொல்லவில்லை. அப்படியொரு கூட்டத்தில் நானும் கை உயர்த்தியிருக்கிறேன்.

அந்த டிசம்பரில் வன்னியில் நாங்கள் தறப்பாள் கூரைக்குக் கீழே இருந்தோம். முகாமிலிருந்து காணிக்குத் திரும்பிச் சில மாதங்கள்தான், கரண்ட் கிடையாது. மலேசியா கிண்ணம் வென்ற செய்தியை, கடையில் சீனி சுற்றித் தந்த பழைய பத்திரிகைத் துண்டில்தான் படித்தேன். ராஜகோபால் என்ற பெயரைக் கண்டதும் சீனியை வேறு பாத்திரத்தில் கொட்டிவிட்டுத் தாளை விரித்தது ஞாபகம். பாதிச் செய்திதான் இருந்தது. மீதியைப் பிறகு தேடித் தேடி அறிந்தேன்.

1956இல் கோலாலம்பூரில் பிறந்த ராஜகோபாலுக்குத் தேசிய அணி கைக்கு வந்தது 2009இல். அதே ஆண்டு தொடக்கத்தில் ஐக்கிய அரபு இராச்சியத்திடம் 0:5 என்று தோற்ற அணி அது. அவருக்கு முன் அந்தக் கதிரையில் இருந்தவர் பி. சத்தியநாதன். ராஜகோபால் 23 வயதுக்குட்பட்ட பொடியன்களையும் தானே வைத்துக்கொண்டார். 2009 டிசம்பரில் வியன்தியானில் நடந்த தென்கிழக்காசிய விளையாட்டு இறுதியாட்டத்தில் வியட்நாமை 1:0 என்று வென்றார்கள். வெற்றிக் கோல் வியட்நாம்காரர் தங்கள் வலைக்குள்ளேயே போட்டது. ஆனாலும் மலேசியா 20 ஆண்டுகளாகக் காணாத தங்கம்! மறு ஆண்டு நவம்பரில் குவாங்சோ ஆசிய விளையாட்டிலும் அந்தப் பொடியன்களோடுதான் நொக்-அவுட் சுற்றுவரை போனார். ஆக, ஜகார்த்தாவில் ஐந்து வாங்கியவர்களில் பலர் அவர் கையில் வளர்ந்தவர்கள். நோர்ஷருல், சாஃபிக் ரஹிம், எஸ். குணாளன், கே. குருசாமி என்று யார் எந்தப் பக்கம் திரும்புவார், யாருக்குக் கத்தினால் கால் நடுங்கும் என்பது அவருக்கு மனப்பாடம்.

எதிர்ப்பக்கம் யார் யார் என்றும் பாருங்கள். இந்தோனேசியாவுக்கு ஒஸ்திரியர் அல்ஃபிரட் ரீட்ல். தாய்லாந்துக்கு, மான்செஸ்டர் யுனைட்டட்டின் தலைவராக இருந்த பிரையன் ரொப்சன். நடப்புச் சம்பியன் வியட்நாமுக்குப் போர்த்துக்கேயர் கலிஸ்டோ. இந்தோனேசிய அணியில் உருகுவேயில் பிறந்த கொன்சாலஸ் முன்னுக்கு நின்றார். ராஜகோபாலிடம் குடியுரிமை கொடுத்து இறக்கிய வீரர் ஒருவரும் இல்லை.

அதிர்ஷ்டம் இல்லையென்று சொன்னால் பொய். தாய்லாந்தோடு 0:0. லாவோஸை 5:1 என்று வென்றாலும், கடைசி நாளில் தாய்லாந்து ஜெயித்திருந்தால் மலேசியா வீட்டுக்குத்தான். தாய்லாந்து முந்தியும் விட்டது. பிந்திக் கிடைத்த இரண்டு பனால்டிகளை பம்பாங் பாமுங்காஸ் உள்ளே அடித்து இந்தோனேசியாவை 2:1 என்று வெல்ல வைத்தார். ஐந்து போட்டவனே கைகொடுத்துத் தூக்கிவிட்டான் என்று வைத்துக்கொள்ளலாம்.

அதற்குப் பிறகு நடந்தது அதிர்ஷ்டமில்லை. அரையிறுதியில் கோலாலம்பூரின் புக்கிட் ஜாலில் அரங்கில் முன்வரிசை வீரர் சாஃபி சாலி இரண்டு போட்டு வியட்நாமோடு 2:0. ஹனோயில் திரும்ப ஆடியபோது 0:0. எனக்கு அந்த 0:0தான் பெரிது. இரண்டரைக் கிழமைக்கு முன் ஐந்து வாங்கிய அதே பின்வரிசை, நடப்புச் சம்பியனின் சொந்த மைதானத்தில் 90 நிமிடமும் கதவைச் சாத்தி வைத்திருந்தது.

டிசம்பர் 26, இரண்டு ஆட்டமாக நடந்த இறுதிச் சுற்றின் முதல் ஆட்டம். மறுபடியும் இந்தோனேசியா, ஆனால் இம்முறை புக்கிட் ஜாலிலில். இடைவேளை முடிந்து சற்று நேரத்தில், பார்வையாளர் பகுதியிலிருந்து லேசர் வெளிச்சம் கண்ணில் அடிக்கிறது என்று இந்தோனேசியர் மைதானத்தை விட்டு வெளியே போனார்கள். பார்வையாளர் செய்தது வெட்கக்கேடு, அதில் இரண்டு பேச்சில்லை. ஆட்டம் சில நிமிடம் நின்றது. திரும்பி வந்தவர்களின் கவனம் திரும்பி வரவில்லை. 61ஆவது நிமிடம், கோட்டோரத்தில் இந்தோனேசியப் பின்வரிசைக்காரர் காலில் வைத்துத் தடுமாறிய பந்தை நோர்ஷருல் பறித்துக் கொடுக்க, சாஃபி கோல். 68இல் அஷாரி. 73இல் மறுபடி சாஃபி. 12 நிமிடத்துக்குள் மூன்று. அந்தப் பறிப்பைப் பாருங்கள்: பந்து மலேசியாவிடம் இல்லாத நேரத்தில் பிறந்த கோல் அது. முன்வரிசைக்காரன் பந்தைத் தொலைத்துவிட்டு இடுப்பில் கைவைத்து நிற்கிற எங்கள் மைதானங்களில் அப்படியொரு கோல் பிறக்காது.

29ஆம் திகதி ஜகார்த்தா. 18ஆவது நிமிடத்தில் பனால்டி. ஃபிர்மான் உத்தினா அடிக்கிறார். 21 வயது கோல் காப்பாளர் கைருல் ஃபாமி தடுக்கிறார். அது உள்ளே போயிருந்தால் அந்த அரங்கம் மீதி இரண்டையும் தானே போட்டிருக்கும். இடைவேளைக்குப் பிறகு சாஃபியின் கோல். சுற்றுப்போட்டியில் அவருக்கு ஐந்தாவது. ஆட்டத்தை 1:2 என்று தோற்று, கிண்ணத்தை 4:2 என்று எடுத்தார்கள். மலேசியாவுக்கு அந்தக் கிண்ணம் முதல் தடவை. 31ஆம் திகதி நாட்டுக்கே விடுமுறை விட்டார் பிரதமர் நஜீப்.

பிந்திய ஆண்டுகள் அவ்வளவு இனிப்பில்லை. 2011இல் உலகக் கிண்ணத் தகுதிகாண் ஆட்டத்தில் சிங்கப்பூரிடம் 3:5, பிறகு 1:1, வெளியே. 2012 சுசுக்கிக் கிண்ணத்தில் மலேசியாவின் சொந்த மண்ணில் அதே சிங்கப்பூர் 3:0 என்று அடித்தது; அரையிறுதியில் தாய்லாந்து கதையை முடித்தது. எதிரணிகள் அவருடைய அணியைப் படித்துவிட்டன, அவர் மாற்றி எழுதவில்லை என்பது என் கணிப்பு. நம்பிய வீரர்களைக் கைவிடாத குணம்தான் 2010இல் கிண்ணம் தந்தது. 2012இல் காலை வாரியதும் அதுதான். 2013 முடிவோடு தேசிய அணியை விட்டுப் போனார். 2009இலிருந்து எண்ணினால் நாலு ஆண்டுக்கு மேல். நடுவில் எத்தனை அவசரக் கூட்டம் நடந்திருக்குமோ.

இங்கே, கிளிநொச்சியிலும் முல்லைத்தீவுக் கரையோரத்திலும் ஞாபகார்த்தக் கிண்ணங்களுக்குக் குறைவில்லை. ஆளுக்கொரு நிறச் சீருடை, புது வலை, சுண்ணாம்புக் கோடு எல்லாம் வந்துவிட்டது. எங்கள் கழகத்துக்குப் போன கிழமை புதிய பயிற்றுவிப்பாளர் வந்திருக்கிறார். மூன்று ஆண்டில் இவர் நாலாமவர். பொடியன்களின் பெயர்களை ஒரு கொப்பியில் எழுதி வைத்துப் பார்த்துப் பார்த்துத்தான் கூப்பிடுகிறார். சனிக்கிழமை முதல் ஆட்டம்.