மேஜைக்குத் திரும்பும் கண்

2025 ஆகஸ்டில் வந்த மத்தியச் சட்டம், திறமையோ அதிர்ஷ்டமோ, பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டு எதுவும் கூடாது என்று சொல்லிவிட்டது. தமிழ்நாடு 2022இல் போட்ட சட்டம் ரம்மியையும் போக்கரையும் தடுத்ததும், 2023 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அவை இரண்டும் திறமை ஆட்டங்கள் என்று அந்தத் தடையை மட்டும் நீக்கியதும் இதனால் பழைய கதையாகிவிட்டன. போனிலேயே போக்கர் ஆடி, மேஜைப் பக்கம் போவதை விட்டிருந்தவர்களுக்கு இனி நேரில் நடக்கும் போட்டிகள்தான் மிச்சம். மாண்டவி ஆற்றில் நிற்கும் கோவாவின் கேசினோ கப்பல்கள் அதற்குப் பேர்போனவை. இடைவெளி விட்டுத் திரும்புகிறவர் முதலில் பயப்படுவது கணக்கு மறந்திருக்குமோ என்றுதான். அது வீண் பயம். எந்தச் சீட்டு வர எத்தனை வாய்ப்பு என்பதை இரண்டு நாள் உட்கார்ந்தால் மீட்டுவிடலாம். துருப்பிடித்துப் போவது எதிராளியின் கையைப் பார்க்கிற கண். அந்தக் கண்ணைப் பொறுத்தவரை, போனில் ஆயிரம் போட்டி ஆடியவரைவிட விருதுநகர், சிவகாசிப் பக்கத்து மனமகிழ் மன்றத்தில் ரம்மி ஆடிப் பழகியவரே ஒரு படி முன்னால் நிற்கிறார் என்பது என் கட்சி.

நேரடி மேஜையில் ஒரு மணி நேரத்துக்கு 25, 30 ஆட்டம் போனால் அதிகம். திரையில் ஒரே சமயம் நாலு மேஜை திறந்து வைத்து நூற்றுக்கணக்கில் ஆடியவருக்கு இது ஆமை நடை. வந்த சீட்டில் பெரும்பாலானதைக் கவிழ்த்துவிட்டுச் சும்மா இருக்க வேண்டியதுதான். ரசிகனுக்கு விருந்தே அந்தச் சும்மா இருக்கும் நேரத்தில்தான். ஒருவர் கட்டைவிரலால் சீட்டின் மூலையை இம்மி தூக்கிப் பார்க்கிறார்; பார்த்த மாத்திரத்தில் கண் தன் சிப்ஸ் பக்கம் ஓடி, உடனே திரும்பிவிடுகிறது. இன்னொருவர் பந்தயச் சிப்ஸை ஒரே வீச்சில் வழுக்கிவிடுகிறார். அடுத்தவர் அதையே இரண்டு தவணையாக நகர்த்துகிறார். முகத்தைக் கல்லாக வைத்துக்கொள்வதைத்தான் எல்லோரும் பெரிய வித்தையாகச் சொல்கிறார்கள். மைக்கேல் ஸ்லெபியன் என்ற உளவியலாளர் குழுவோடு 2013இல் வெளியிட்ட ஆய்வு வேறு கதை சொல்கிறது. தொழில்முறை ஆட்டக்காரர்கள் பந்தயம் வைக்கும் காட்சிகளைக் காட்டியபோது, முகத்தை மட்டும் பார்த்தவர்களின் ஊகம் பொய்த்தது. கை அசைவை மட்டும் பார்த்தவர்கள் சீட்டின் தரத்தை ஓரளவு சரியாகவே சொன்னார்கள். முகத்தைப் பூட்டக் கற்றவர்களுக்கும் கை அவ்வளவு லேசில் அடங்குவதில்லை.

பார்க்க வேண்டியது ஆளை மட்டுமல்ல, சீட்டையும்தான். நல்ல காகிதச் சீட்டு என்பது இரண்டு தாளை நடுவில் கறுப்புப் பசை வைத்து ஒட்டியது. வெளிச்சத்தில் பிடித்தாலும் மறுபக்கம் தெரியாது. பின்பக்கக் கோலம் எப்படித் திருப்பினாலும் ஒன்றுபோல இருக்க வேண்டும், வெட்டு நாலு ஓரமும் ஒரே அளவாக விழ வேண்டும். தீப்பெட்டி லேபிளும் காலண்டரும் அச்சடித்துப் பழகிய சிவகாசிக்கு, வெட்டு ஒரு நூல் விலகினால் என்ன ஆகும் என்று பாடம் எடுக்க வேண்டியதில்லை. அந்த ஒரு நூலை வைத்துத்தான் போக்கர் மன்னர் ஃபில் ஐவி 2012இல் லண்டன் சூதாட்ட விடுதியொன்றில், போக்கர் அல்லாத வேறொரு சீட்டாட்டத்தில், 77 லட்சம் பவுண்டு ஜெயித்தார். ஓரங்களில் கோலம் சமமாக வெட்டுப்படாத கட்டில், நல்ல சீட்டுகளை மட்டும், ராசிக்கு என்று சொல்லி, டீலரைக் கொண்டே திருப்பி வைக்கச் செய்தார். விடுதி பணம் தர மறுத்தது. 2017இல் பிரிட்டன் உச்ச நீதிமன்றமும் அது ஏமாற்றுதான் என்றது. தீர்ப்பு சரி. ஆனாலும் அந்தக் கண்ணை மெச்சாமல் இருக்க முடியவில்லை.

ரம்மிக்காரரைப் பற்றிச் சொன்னதற்கு என் சாட்சி ஸ்டூ அங்கர். ஜின் ரம்மியில் அவரோடு மோத ஆளே இல்லாமல் போனதால் போக்கருக்கு வந்தவர். 1980, 1981 என அடுத்தடுத்து போக்கர் உலகத் தொடரின் (World Series of Poker) முதன்மைப் போட்டியை வென்றார். பிறகு போதை அவரைத் தின்றது. 1990இல் அதே போட்டியின் நடுவே விடுதி அறையில் நினைவிழந்து கிடந்தார். 1997இல் நண்பர் ஒருவர் கட்டிய நுழைவுத் தொகையில் உட்கார்ந்து மூன்றாம் முறை வென்றார். மறு வருடமே, 45 வயதில், இறந்தும் போனார். அந்த வாழ்க்கையை யாரும் கொண்டாட வேண்டாம், ஆட்டத்தைக் கொண்டாடலாம். எதிராளி எதை எடுத்தான், எதைக் கழித்தான், எப்போது தயங்கினான் என்று மனதில் அடுக்கிவைப்பது ரம்மியின் அடிப்படை. செயலியில் தட்டினால் கழித்த சீட்டுப் பட்டியல் வந்துவிடும். மன்றத்தில் அந்தப் பட்டியல் ஆடுகிறவர் தலைக்குள்தான் இருக்க வேண்டும்.

எதிராளியைப் பார்க்கிற கண்தான் முக்கியம் என்பதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. 2019இல் புளூரிபஸ் என்ற கணினி நிரல் ஆறு பேர் ஆட்டத்தில் தொழில்முறை ஆட்டக்காரர்களை வென்றது. அது யார் கையையும் பார்க்கவில்லை. உண்மைதான். கணக்கு மட்டுமே போதும் என்று அது நிரூபித்தது கணினிக்கு. பதினாயிரக்கணக்கான ஆட்டங்களில் சராசரி பேசும். ஒரு நாளில் சில நூறு ஆட்டமே கிடைக்கும் மேஜையில், கணக்கு இரண்டு பக்கமும் சமமாக நிற்கிற இடங்களில், ஒரு கையின் தயக்கம்தான் தராசை அசைக்கிறது.

இன்னொரு மறுப்பு பழையது, கனமானது: சூதுக்கென்று வள்ளுவர் ஓர் அதிகாரமே ஒதுக்கியிருக்கிறார், இணைய ரம்மியில் கடன்பட்டு உயிரை விட்டவர்கள் நம் ஊர்களிலேயே இருக்கிறார்கள். இதை ரசனை பேசி மழுப்பக் கூடாது. போட்டி முறையில் நுழைவுத் தொகைக்கு மேல் இழப்பில்லை என்பார்கள். ஆனால் தோற்றவரை அன்றே மறுபடி பணம் கட்டி உள்ளே விடுகிற போட்டிகள் பெருகி, அந்த வேலியையும் பிடுங்கிவிட்டன. உலகத் தொடரின் முதன்மைப் போட்டி ஒரே நுழைவு என்பதை விடாமல் வைத்திருக்கிறது. சிப்ஸ் தீர்ந்தால் அந்த வருடம் அவ்வளவுதான், எழுந்து போக வேண்டும். ரசிக்க ஒரு போட்டியைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் நான் காட்டுவது அதைத்தான்.