பிந்திப்போன ‘அனான்’

ஏரோது மன்னனின் பிறந்தநாள் விருந்து. நடனமாடிய பெண் தாயிடம் யோசனை கேட்டுவிட்டு விரைந்து திரும்புகிறாள். யோவான் ஸ்நானகனின் தலையை ஒரு தட்டில் வைத்துத் தரவேண்டும், அதுவும் இந்தக் கணமே தரவேண்டும் என்கிறாள். மாற்கு 6:25இல் வரும் இந்த இடத்தில் கிரேக்க மூலம் வைத்திருப்பது ‘எக்ஸௌடேஸ்’ என்ற சொல்லை. மன்னன் மனம் மாற இடைவெளியே தராத சொல் அது. 1611இல் வெளிவந்த கிங் ஜேம்ஸ் ஆங்கில விவிலியம் அதற்கு ‘பை அண்ட் பை’ என்று எழுதியது. இன்று ஆங்கிலம் படிப்பவர் அதை ‘அப்புறமாக’, ‘கொஞ்ச நேரம் கழித்து’ என்றே எடுத்துக்கொள்வார். ஒரு கொலையின் அவசரம் முழுவதும் அந்த மூன்று அசைகளில் கரைந்துபோகிறது.

மத்தேயு 13இல் இழப்பு இன்னும் நுட்பமானது. விதைப்பவன் உவமையில், பாறை நிலத்து விதைக்கு ஒப்பானவன் 20ஆம் வசனத்தில் வார்த்தையை மகிழ்ச்சியோடு ஏற்கிறான். 21ஆம் வசனத்தில் துன்பம் வந்ததும் இடறி விழுகிறான். ஏற்பதற்கும் விழுவதற்கும் கிரேக்கம் ஒரே சொல்லைத்தான் பயன்படுத்துகிறது: ‘எயுதூஸ்’. எத்தனை வேகத்தில் ஏற்றானோ அத்தனை வேகத்தில் விழுந்தான். உவமையின் கூர்மையே அந்த ஒற்றுமையில்தான் இருக்கிறது. தமிழ் விவிலியம் இரண்டு இடத்திலும் ‘உடனே’யைக் கைவிடவில்லை. கிங் ஜேம்ஸ் பதிப்போ முதல் இடத்தில் ‘அனான்’ என்றும் இரண்டாம் இடத்தில் ‘பை அண்ட் பை’ என்றும் எழுதியது. இரண்டும் ஒருகாலத்தில் ‘உடனே’ என்ற பொருளில் வழங்கியவை. இரண்டுமே பின்னால் வேகம் இழந்தன.

ஏன் இழந்தன? இதற்கு ஒரு புகழ்பெற்ற தீர்ப்பு உண்டு. அதை வழங்கியவர் மதகுருவான ரிச்சர்ட் செனெவிக்ஸ் ட்ரெஞ்ச். 1857இல் லண்டன் மொழியியல் கழகத்தில் அவர் ஆங்கில அகராதிகளின் குறைகளைப் பற்றிப் படித்த கட்டுரைகளிலிருந்துதான் ஆக்ஸ்ஃபோர்டு பேரகராதித் திட்டமே கிளைத்தது. 1859இல் அவர் வெளியிட்ட சொற்பொருள் நூலில் ‘பை அண்ட் பை’ தள்ளிக்கொண்டே போனதற்கு மனிதர்களின் ஊறிப்போன ஒத்திப்போடும் குணமே காரணம் என்றார். அவர் சொன்னது நாளடைவில் ‘அனான்’, ‘சூன்’ என்று அந்தச் சொற்குடும்பம் முழுவதற்கும் விரிந்துவிட்டது. சொல் வரலாறு பேசுகிறவர்கள் இன்றும் இதைச் சொல்கிறார்கள். கேட்கிறவர்கள் ஆமாம் என்று தலையசைக்கிறார்கள். அந்தத் தலையசைப்பே என்னை இதை மறுபடி ஆராயத் தூண்டியது. எல்லோரும் இத்தனை சுலபமாக ஒப்புக்கொள்ளும் விளக்கம் ஆதாரத்தால் நிற்கிறதா, அறவுரையின் சுவையால் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும்.

முதலில் சொல்லின் பிறப்பு. ‘அனான்’ பழைய ஆங்கிலத்தில் இரண்டு சொற்களாக இருந்தது: ‘ஒன் ஆன்’. ‘ஒன்றில்’, ‘ஒன்றாக’ என்று பொருள். இடைவெளி இல்லாமல், ஒரே தொடராக என்ற கருத்திலிருந்து ‘உடனே’ என்ற கருத்து கிளைத்தது. நமக்கு இது புதிரல்ல. ‘உடன்’ என்றால் கூட, சேர்ந்து. உடன்பிறந்தவர், உடன்படிக்கை என்று இன்றும் சொல்கிறோம். அந்தச் சேர்க்கையே காலத்தில் வைக்கப்பட்டபோது ‘உடனே’ ஆயிற்று. ஒரு நிகழ்ச்சி இன்னொன்றோடு ஒட்டியே நிற்கிறது, நடுவில் எதுவும் நுழையவில்லை. இரண்டு மொழிகள் ஒன்றையொன்று அறியாமலே ஒரே பாதையில் நடந்திருக்கின்றன.

இனி ட்ரெஞ்சின் பக்கம் உள்ள சாட்சியங்கள். அவை வலுவானவை, மறைக்க எனக்கு விருப்பமில்லை. ‘சூன்’ பழைய ஆங்கிலத்தில் ‘சோனா’. அதற்கும் ‘உடனே’ என்றே பொருள். ‘ப்ரசன்ட்லி’ 15ஆம் நூற்றாண்டில் ‘இந்தக் கணமே’; பிறகு ‘சற்றுப் பொறுத்து’. அமெரிக்காவின் தென் மாநிலங்களில் ‘டைரக்ட்லி’ என்றால் நேராகவோ உடனேயோ அல்ல, ஆற அமர. தென்னாப்பிரிக்க ஆங்கிலத்தில் ‘ஜஸ்ட் நவ்’ என்று ஒருவர் சொன்னால் இப்போது எதிர்பார்க்கக் கூடாது. ஷேக்ஸ்பியரே இந்த வழக்கில் சாட்சி சொல்கிறார். ஹாம்லெட் நாடகத்தின் மூன்றாம் அங்கத்தில் அரசி உடனே வரச் சொன்னதாகப் பொலோனியஸ் தெரிவிக்கிறார். அவர் பயன்படுத்தும் சொல் ‘ப்ரசன்ட்லி’. ஹாம்லெட்டின் பதில் ‘பை அண்ட் பை’. அதோடு நிற்காமல், அப்படிச் சொல்வது எளிது என்றும் ஒரு வார்த்தை சேர்க்கிறான். சொல்லுக்கும் செயலுக்கும் நடுவில் விழுந்துவிட்ட இடைவெளியை நாடகத்தின் பாத்திரமே கவனித்துவிட்டது. தள்ளிப்போடுவதையே தன் துயரமாகச் சுமக்கும் பாத்திரம் அது என்பதையும் ட்ரெஞ்சின் கணக்கில் சேர்க்கலாம்.

ஆனால் ஒத்திப்போடும் குணம்தான் காரணம் என்றால், அது எல்லாச் சொல்லையும் தின்றிருக்க வேண்டும். தின்னவில்லை. ‘இமீடியட்லி’ தேயவில்லை. ‘அட் ஒன்ஸ்’ தேயவில்லை. இத்தனைக்கும் அதுவும் ‘அனான்’ போலவே ‘ஒன்று’ என்ற எண்ணிலிருந்து பிறந்தது. ‘ஃபோர்த்வித்’ நீதிமன்ற ஆணைகளில் இன்றும் கூராகவே இருக்கிறது. இதைவிட முக்கியமான சாட்சி ‘சூன்’ என்ற சொல்லுக்குள்ளேயே உண்டு. தனியாக நின்றால் அது ‘விரைவில்’ மட்டுமே. ‘ஆஸ் சூன் ஆஸ்’ என்று இரண்டு நிகழ்ச்சிகளைக் கோக்கும் தொடரில் வந்தாலோ, ஆயிரம் ஆண்டு கடந்தும் பழைய வேகம் குறையாமல் இருக்கிறது: ஒன்று நடந்ததும் மற்றது. ஒரே சொல், பேசுவதும் அதே மக்கள். ஓர் இடத்தில் தேய்ந்திருக்கிறது, இன்னோர் இடத்தில் தேயவில்லை. மனிதர்களின் குணம் இரண்டு இடத்திலும் ஒன்றுதான். எனவே வேறுபாட்டுக்குக் காரணம் குணத்தில் இல்லை, சொல் நிற்கும் இடத்தில் இருக்கிறது.

ஸ்காட்லாந்திலும் அமெரிக்காவிலும் ‘ப்ரசன்ட்லி’ இன்றும் ‘தற்போது’ என்ற பொருளில் வழங்குவதையும் நினைத்துப் பார்க்க வேண்டும். ட்ரெஞ்சின் விளக்கப்படி அந்த நாட்டினர் இங்கிலாந்துக்காரர்களைவிடச் சுறுசுறுப்பானவர்கள் என்று சொல்லவேண்டி வரும். அதே அமெரிக்கர்களில் ஒரு பகுதியினர் ‘டைரக்ட்லி’யைத் தளர்த்தியிருக்கிறார்கள் என்றதும் அந்த வாதம் அங்கேயே உடைகிறது.

வேறு ஒரு காரணத்தையும் எடைபோட வேண்டும். அது கதைசொல்லிகளின் பழக்கம். நடு ஆங்கிலக் காலத்துச் செய்யுள் கதைகளில் எல்லாமே ‘அனான்’ நடக்கும்: வீரன் எழுவான், குதிரை ஏறுவான், வாளை உருவுவான். எதுகைக்கும் இயைபுக்கும் எளிதில் வளைகிற சொல். கவிஞர் சாசரிடம் அது திரும்பத் திரும்ப வருகிறது. அந்தக் காலத்திலேயே அதற்கு முட்டுக்கொடுத்து ‘ரைட் அனான்’, ‘அனான் ரைட்’ என்று எழுத வேண்டியிருந்தது. நாம் ‘உடனே’ போதாமல் ‘உடனடியாக’, ‘உடனுக்குடன்’ என்று போவதைப் போல. ஆனால் இந்தத் தேய்வு சொல்லை ‘அடுத்து’, ‘பிறகு’ என்ற வெறும் இணைப்பாக ஆக்கும்; ‘நேரம் கழித்து’ என்று ஆக்காது. கதைக்குள் தாமதம் ஏதும் நடக்கவில்லை. சொல் நீர்த்துப்போனதற்கு இது காரணம், பிந்திப்போனதற்கு அல்ல.

சொல் பிந்திப்போன கதைக்கு லண்டனின் ஈஸ்ட்சீப் மதுக்கடைக்குப் போக வேண்டும். ஷேக்ஸ்பியரின் நான்காம் ஹென்றி முதல் பாகம், 1598இல் அச்சான நாடகம், இரண்டாம் அங்கம் நான்காம் காட்சி. பிரான்சிஸ் என்ற பையன் அங்கே மது ஊற்றிக் கொடுக்கும் வேலைக்காரன். பயிற்சி ஒப்பந்தத்தில் இன்னும் ஐந்து ஆண்டு பாக்கி இருக்கிறது. இளவரசன் ஹால் ஒரு விளையாட்டு வகுக்கிறான்: தோழன் பாயின்ஸ் பக்கத்து அறையிலிருந்து பையனை விடாமல் கூப்பிட வேண்டும், நான் இந்த அறையில் பேச்சுக் கொடுத்து நிறுத்தி வைப்பேன், அவன் வாயில் ‘அனான்’ தவிர வேறு சொல்லே வராதபடி செய்வேன். அப்படியே நடக்கிறது. அங்கிருந்து குரல், ‘அனான்’ என்கிறான். இளவரசனின் அடுத்த கேள்வி. மறுபடி குரல், மறுபடி ‘அனான்’. கடைசியில் இருவரும் ஒரே நேரத்தில் கூப்பிட, எந்தப் பக்கம் போவதென்று தெரியாமல் பையன் திகைத்து நிற்கிறான். நாடகத்தின் அரங்கக் குறிப்பே அதைச் சொல்கிறது. உள்ளே வந்த கடைக்காரர், கூப்பிடும் சத்தம் கேட்டும் நிற்கிறாயா என்று திட்டுகிறார்.

இந்தக் காட்சியைச் சிரிக்க வைப்பதற்காக எழுதினார்கள் என்று தெரிந்தும், படிக்கும் ஒவ்வொரு முறையும் எனக்கு அந்தப் பையன் மேல்தான் மனம் போகிறது. அவன் சோம்பேறியா? அந்த அறையிலேயே ஓய்வறியாதவன் அவன் ஒருவன்தான். அவன் தாமதிக்கவில்லை, தாமதிக்கப்படுகிறான். ‘ஒன்றில்’ என்று பொருள்கொண்டு பிறந்த சொல், இரண்டு இடத்தில் இருந்தாக வேண்டிய ஒற்றை உடம்பின் வாயில் போய்ச் சேர்ந்திருக்கிறது.

ஜூலியட்டும் அப்படித்தான். மாடத்துக் காட்சியில் கீழே ரோமியோ, உள்ளே செவிலித்தாய். உள்ளிருந்து குரல் வரும்போதெல்லாம் அவள் ஒரு முறை ‘அனான்’ என்கிறாள், இன்னொரு முறை ‘பை அண்ட் பை’ என்கிறாள். கிங் ஜேம்ஸ் மத்தேயுவின் அதே இரண்டு சொற்கள், ஒரே காட்சியில், ஒரே வேலைக்கு. அவளும் எதையும் நாளைக்கு ஒத்திப்போடும் பெண் அல்ல. அந்த நாடகத்தில் எல்லோரையும்விட அவசரப்படுகிறவள்.

இந்தச் சாட்சிகளில் ட்ரெஞ்சுக்குச் சேரவேண்டியவன் ஒருவன் உண்டு: மக்பெத்தின் வாயிற்காவலன். இரவெல்லாம் குடித்துவிட்டு, கதவு இடிபடும்போது தன் கற்பனையில் திளைத்திருந்துவிட்டுக் கடைசியில்தான் ‘அனான்’ என்கிறான். அவனைச் சோம்பல் என்ற கணக்கில் தாராளமாக வைக்கலாம். ஆனாலும் அவனுடைய ‘அனான்’ நிற்கும் இடமும் பிரான்சிஸின் ‘அனான்’ நிற்கும் இடமும் ஒன்றே: அழைப்புக்கு வரும் பதில்.

என் வாதம் இதுதான். அழைப்பவர் ‘அனான்’ என்ற பதிலைக் கேட்கிறார், பிறகு காத்திருக்கிறார், பிறகு ஆள் வருகிறது. அந்தக் காத்திருப்பின் நீளமே அவர் காதில் சொல்லின் பொருளாகப் படிகிறது. மொழி கற்கும் பிள்ளையும் அகராதியிலிருந்து அல்ல, அந்த இடைவெளியிலிருந்துதான் பொருளைக் கற்கும். சொல்பவர் பொய் சொல்லவேண்டிய தேவையில்லை. அவர் ஓடி வந்தாலும் சொல்லுக்கும் வருகைக்கும் நடுவில் நேரம் விழுந்தே தீரும். இதனால்தான் பதிலாக வாழ்ந்த சொற்கள் தளர்ந்தன. இரண்டு நிகழ்ச்சிகளைக் கோக்கும் ‘ஆஸ் சூன் ஆஸ்’ தளரவில்லை, ஆணையில் வாழ்ந்த ‘ஃபோர்த்வித்’தும் தளரவில்லை. டீக்கடையில் ‘இந்தா வந்துட்டேண்ணே’ என்று இறந்தகாலத்தில் பதில் சொல்லும் பையனைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. நான்கு மேசைக்கு ஓடும் அவன் இறந்தகாலத்தையே வளைத்து எதிர்காலமாக்குகிறான். அதற்குப் பெயர் சோம்பல் என்றால் என் மனம் ஒப்பாது.

என் வாதத்திலும் ஒரு மூட்டு பலவீனமானது. ஹாம்லெட்டில் ‘ப்ரசன்ட்லி’ அரசியின் ஆணைச் சொல்லாக வருகிறது. ஆணைச் சொல் காப்பாற்றப்படும் என்றால் அது ஏன் இங்கிலாந்தில் தளர்ந்தது? ஒரே சொல் ஆணையிலும் பதிலிலும் புழங்கும்போது பதிலின் இழுப்பு வெல்லக்கூடும் என்பதே என் விடை. ஆணையைவிடப் பதில்தான் நாளெல்லாம் வாயில் புழங்குவது. நாடக மேடை பேச்சுவழக்கின் முழுப் பதிவு அல்ல என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். விவிலியச் சான்றையும் கவனமாகக் கையாள வேண்டும்: 1611 பதிப்பு 1526இன் டிண்டேல் மொழிபெயர்ப்பில் பெரிதும் வேரூன்றியது. அதில் ‘அனான்’ வேகமாக இருப்பதால் 1611இன் தெருவிலும் வேகமாக இருந்தது என்று சொல்ல முடியாது. அதற்கு முன்பே மதுக்கடைப் பையனின் வாயில் அது தளர்ந்துவிட்டது.

இத்தனையும் கழித்த பின், தராசு ட்ரெஞ்சுக்கு எதிராகவே சாய்கிறது. சொற்கள் பிந்தின என்று கண்டது சரி. அதை முன்கூட்டியே கண்டு, விவிலிய வாசகர்களை எச்சரித்ததும் பெரிய தொண்டு. காரணமாக மனிதரின் குணக்குறையைக் காட்டியதுதான் தவறு. அது கண்டுபிடிப்பு அல்ல, பிரசங்க மேடையிலிருந்து வந்த பழக்கம். அந்தத் தீர்ப்பு காத்திருந்தவர்களின் பக்கம் நின்று, ஓடியவர்கள் மேல் குற்றம் எழுதிவிட்டது.

1864 முதல் டப்ளின் பேராயராக இருந்த ட்ரெஞ்ச், ஆங்கிலப் புதிய ஏற்பாட்டைத் திருத்திய குழுவிலும் உறுப்பினர். அந்தத் திருத்தப் பதிப்பு 1881இல் வந்தது. மத்தேயு 13இன் இரண்டு வசனங்களிலும் இப்போது ஒரே சொல், ‘ஸ்ட்ரெய்ட்வே’. உவமை தன் கூர்மையைத் திரும்பப் பெற்றது. யோவானின் தலையைக் கேட்கும் பெண்ணின் வாயில் ‘பை அண்ட் பை’யை எடுத்துவிட்டுக் குழு வைத்த சொல் ‘ஃபோர்த்வித்’. யாரும் அழைப்புக்குப் பதிலாகச் சொல்லாத சொல் அது.