இந்த வருஷம் யார் யார்?

ஒரு சங்கத்தின் ஆண்டுக் கூட்டம் என்றால் அஜெண்டாவில் என்னென்ன இருக்கும்? சென்ற கூட்டத்தின் நடவடிக்கைக் குறிப்பு, வரவு செலவு, ஆடிட்டர் நியமனம், ‘தலைவர் அனுமதியுடன் இதர விஷயங்கள்’, கடைசியாக போண்டா, காபி. பி.காம். படித்த பாவத்துக்கு இந்த மாதிரி மினிட்ஸ் புத்தகங்களை நிறையவே புரட்டியிருக்கிறேன். “இந்த வருஷம் நம்மில் யார் யார் செத்துப்போனார்கள்?” என்று ஒரு கேள்வியை நம்பர் போட்டு, கீழே பதிலும் எழுதி எந்தச் சங்கத்திலும் பார்த்ததில்லை.

மெதடிஸ்ட் சபைக்காரர்கள் கேட்கிறார்கள். 1770-களின் பிற்பகுதியிலிருந்து கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள்.

ஜான் வெஸ்லி 1744-ல் லண்டனில் தன் ஆட்களைக் கூட்டி நடத்திய முதல் மாநாட்டிலிருந்தே அவர்களுக்கு எல்லாம் கேள்வி-பதில்தான். என்ன போதிப்பது, எப்படிப் போதிப்பது, யாரைச் சேர்ப்பது, யாரை எந்த ஊருக்கு அனுப்புவது... அந்த வரிசையில் பிறகு வந்து சேர்ந்த கேள்வி இது. குதிரை மேல் ஊர் ஊராகச் சுற்றி, மழையில் நனைந்து, கண்ட இடத்தில் படுத்துத் தூங்கிய பிரசங்கிகள். ஒரு ஊரில் ஒன்றிரண்டு வருஷம்தான் விட்டுவைப்பார்கள், உடனே டிரான்ஸ்பர். பலர் சின்ன வயதிலேயே போய்ச் சேர்ந்தார்கள். மாநாட்டின் ஆரம்பத்தில் இன்றைக்கும் பாடுகிற சார்லஸ் வெஸ்லியின் பாட்டே, ‘பரவாயில்லையே, மறுபடி சந்திக்கும் வரை உயிரோடு இருந்திருக்கிறோமே’ என்று ஆச்சரியப்படுகிற பாட்டுதான்.

ஆரம்பகாலப் பதில்கள் எனக்குப் பிடித்தவை. ஆள் பெயர், இறந்த ஊர், அவரைப் பற்றி ஒரு வரி. மிஞ்சினால் இரண்டு. உழைத்துத் தேய்ந்துபோன கிழவர் என்றால் அதைச் சொல்லிவிட்டு அடுத்த பெயருக்குப் போய்விடுவார்கள். ‘ஈடு செய்ய முடியாத இழப்பு’ போன்ற வார்த்தைகளைத் தினமும் அடித்து அடித்து நீக்குகிற பத்திரிகைக்காரனுக்கு இதைப் படித்தால் வயிற்றில் பால் வார்த்தது போல இருக்கிறது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்த வரிகள் நீண்டுவிட்டன. நீண்டதோடு ஒரு அச்சும் வார்த்துக்கொண்டார்கள். பிறப்பு, பாவ உணர்வு, மனந்திரும்பல், ஊழியம், நோய், மரணப் படுக்கை, கடைசி வார்த்தை. ஒரு கிறிஸ்தவன் எப்படி வாழ்ந்தான் என்பதற்கு அவன் எப்படிச் செத்தான் என்பதே சாட்சி என்று அவர்கள் நினைத்ததால், கடைசிக் காட்சிக்கு ஏக இடம். வரிசையாகப் பத்துப் பேரைப் படித்தால் பதினோராவது ஆள் என்ன சொல்லிவிட்டுச் சாவார் என்று நாமே எழுதிவிடலாம். யாரும் வலியில் கத்துவதில்லை. டாக்டரைத் திட்டுவதில்லை. “கடைக்காரன் பாக்கியைக் கொடுத்துடு” என்று மனைவியிடம் சொல்வதில்லை.

சரி, மனைவி? அதுதான் விஷயம்.

வெஸ்லியிடமிருந்தே தொடங்கலாம். 1751-ல் மேரி வஸீல் என்ற விதவையை மணந்தார். ஒத்துப்போகவில்லை. வெஸ்லி வருஷம் முழுக்கக் குதிரை மேல். அந்தம்மா கொஞ்ச நாள் கூடவே சுற்றிப் பார்த்தார், பிறகு முடியவில்லை. சண்டை, சந்தேகம், பிரிவு. 1781 அக்டோபரில் அவர் இறந்தபோது வெஸ்லிக்குச் செய்தியே வரவில்லை. அடக்கம் முடிந்து ஓரிரு நாள் கழித்துத்தான் தெரிந்தது. தன் நாட்குறிப்பில் இதை அவர் எழுதியிருக்கிற விதத்தைப் பார்க்க வேண்டும்: வந்தேன், கேள்விப்பட்டேன், அவ்வளவுதான். முன்பின் தெரியாத எத்தனையோ எளிய ஜனங்களின் மரணத்தைப் பக்கம் பக்கமாகத் தன் பத்திரிகையில் அச்சடித்தவர், கட்டிய மனைவிக்குச் செலவழித்தது ஒரு தகவல் குறிப்பு.

தலைவர் வீட்டுக் கதை, விதிவிலக்கு என்பீர்கள். அப்படியென்றால் நமக்குப் பக்கத்தில் வந்த ஒரு கப்பல் பயணத்தைப் பார்ப்போம்.

1813 டிசம்பர் கடைசியில் இங்கிலாந்தின் போர்ட்ஸ்மவுத் துறைமுகத்திலிருந்து இலங்கைக்குக் கிளம்பியது ஒரு மெதடிஸ்ட் குழு. தலைவர் டாக்டர் தாமஸ் கோக், வயது 66. அட்லாண்டிக்கைப் பதினெட்டு முறை கடந்தவர் என்பார்கள். ‘இந்த வயதில் எதற்கு, செலவு யார் கொடுப்பது?’ என்று மாநாடு தயங்கியபோது, தன் சொந்தப் பணத்தில் 6,000 பவுண்டு வரை தருகிறேன் என்றவர். அவருடைய முதல் மனைவி பெனலபி 1811-ல் இறந்தார். அதே வருஷக் கடைசியில் ஆன் லாக்ஸ்டேலை மணந்தார். சரியாக ஒரு வருஷம், அவரும் போய்விட்டார். அதற்கு மறு வருஷம் கப்பல் ஏறுகிறார்.

1814 மே 3-ம் தேதி காலை, இந்துமகா சமுத்திரத்தில், கேபின் தரையில் கோக் பிணமாகக் கிடந்தார். உடலைக் கடலில் இறக்கினார்கள். கூடப் போனவர்கள் எல்லாரும் இளைஞர்கள். கையில் காசு கிடையாது. பணம், கணக்கு எல்லாமே டாக்டர் பெயரில். பம்பாயில் இறங்கி விழித்தவர்களுக்குக் கடன் கொடுத்துக் காப்பாற்றிய வியாபாரியின் பெயர் மிஸ்டர் மணி. (நிஜமாகவே அதுதான் பெயர். நான் வைத்ததில்லை.)

கோக்கின் மரணம் பிரசித்தம். எந்த மெதடிஸ்ட் சரித்திரத்திலும் இருக்கும். அதற்கு மூன்று மாதம் முன்னால், 1814 பிப்ரவரியில், கூட வந்த இன்னொரு கப்பலான ‘லேடி மெல்வில்’லில் ஒரு மரணம் நிகழ்ந்தது. குழுவிலிருந்த வில்லியம் ஆல்ட் என்ற இளம் மிஷனரியின் மனைவி. அவரையும் கடலில்தான் இறக்கினார்கள். பழைய மிஷன் சரித்திரங்களில் அவர் பெயர் பெரும்பாலும் ‘மிஸஸ் ஆல்ட்’. அவ்வளவுதான்.

ஆல்ட் தனியாக இலங்கை வந்து சேர்ந்தார். நண்பர்கள் காலி, யாழ்ப்பாணம் என்று பிரிந்துபோக, அவருக்கு மட்டக்களப்பு. தமிழ் கற்றுக்கொண்டார், பள்ளிக்கூடங்கள் திறந்தார். 1815 ஏப்ரல் 1-ம் தேதி அவரும் இறந்துவிட்டார். மொத்தம் எட்டு, எட்டரை மாத வேலை. அவர் 1814-ல் போட்ட விதைதான் இன்றைய மட்டக்களப்பு மெதடிஸ்ட் மத்திய கல்லூரி. ஊரில் அவருக்குச் சிலையும் இருக்கிறது. எட்டு மாதம் இருந்தவரை இருநூறு வருஷத்துக்கு மேல் ஞாபகம் வைத்திருக்கிற மட்டக்களப்புக்காரர்களுக்கு ஒரு சலாம்.

ஆனால் கணக்கைப் பாருங்கள். அதே ஊழியத்துக்காக வீட்டை விட்டு, அதே கப்பலில், அதே ஆபத்தைத் தெரிந்தே ஏறினவர்தானே அந்தம்மா? மாநாட்டில் கேட்ட கேள்வி ‘எந்தப் பிரசங்கிகள் இறந்தார்கள்?’ என்பது. கேள்வியே அவரைக் கேட்கவில்லை என்றால், பதிலில் எப்படி வருவார்?

மனைவிகளைப் பற்றி எழுதவே இல்லை என்று சொன்னால் அது அநியாயம். அதே குழுவில் வந்த ஹார்வர்ட் இரண்டு புத்தகங்கள் எழுதினார். 1823-ல் வந்தது இலங்கை, இந்திய மிஷன் நிறுவப்பட்ட வரலாறு. அதையடுத்து, இறந்துபோன தன் மனைவி எலிசபெத் ஹார்வர்டின் நினைவுகள். ஒரே வீடு, ஒரே வருஷங்கள், ரெண்டு புத்தகம். தலைப்பைப் பார்த்தாலே பாகப்பிரிவினை தெரிகிறது: மிஷன் கதை ஒரு பக்கம், மனைவி கதை ஒரு பக்கம். துக்கத்தில் இருக்கிற புருஷன் எழுதினதைக் குறை சொல்ல எனக்கும் கூச்சமாகத்தான் இருக்கிறது. அவர் எழுதியிராவிட்டால் எலிசபெத்தும் ‘மிஸஸ் ஹார்வர்ட்’ ஆகியிருப்பார். ஆனாலும் அந்தக் காலத்து நினைவு நூல்களின் வழக்கமே, பெண்ணைப் பரிசுத்தவதியாக்கி மேலே தூக்கி வைத்துவிடுவது. அவ்வளவு உயரத்தில் வைத்துவிட்டால், கொழும்பு வெயிலில் அவர் என்ன சமைத்தார், யாருக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்தார் என்பது கீழே இருக்கிற நம் கண்ணுக்குத் தெரியாது.

இன்னொருவர் மார்கரெட் கிளஃப். கணவர் பெஞ்சமின் கிளஃப், சிங்கள அகராதி போட்டவர். மார்கரெட் கல்யாணமாகிச் சில வருஷங்களிலேயே இறந்துவிட, அவருடைய நாட்குறிப்பும் கடிதங்களும் 1829-ல் ஆடம் கிளார்க் என்ற பெரிய பண்டிதரின் முன்னுரையோடு வந்தன. இது ஒரு படி மேல். சொந்தக் கையெழுத்து. ஆனால் தலைப்பில் ‘தேர்ந்தெடுத்த பகுதிகள்’ என்று இருக்கிறது. பத்திரிகை ஆபீஸில் வேலை பார்த்த எவனும் அந்த வார்த்தையைச் சும்மா தாண்டிப் போக மாட்டான். தேர்ந்தெடுத்தது இருக்கட்டும், தேர்ந்தெடுக்காதது என்ன?

தப்பித்தவர் மேரி ஃப்ளெட்சர். மேட்லி என்ற ஊரில் கணவர் 1785-ல் இறந்த பிறகு முப்பது வருஷம் அங்கேயே இருந்து, பிரசங்கம் செய்து, கூட்டம் நடத்தி, எல்லாவற்றையும் எழுதியும் வைத்தார். 1803-ல் மாநாடு பெண்கள் பிரசங்கம் செய்வதற்குக் கட்டுப்பாடு போட்டது. இந்தம்மா பாட்டுக்குப் பேசிக்கொண்டிருந்தார். 1815-ல் இறந்ததும், 1817-லேயே அவருடைய வாழ்க்கை வரலாறு புத்தகமாக வந்துவிட்டது. எழுதி வைத்தவர் பிழைத்தார்.

இதில் எனக்கு மிகவும் சுவாரசியமாகப் பட்டது ஒரு கணக்கு. அமெரிக்க மெதடிஸ்ட்டுகள் 1800-ல் சம்பளம் நிர்ணயித்தார்கள். பிரசங்கிக்கு வருஷத்துக்கு 80 டாலர். அவர் மனைவிக்குத் தனியாக 80 டாலர். ஏழு வயதுக்குள் இருக்கிற பிள்ளைக்கு 16, அதற்கு மேல் பதினான்கு வரை 24. பிஷப்புக்கும் அதே 80-தான், கூட ஒரு டாலர் கிடையாது. பாதி ஊர்களில் இந்தப் பணமும் முழுசாக வசூலாகாது, அது வேறு கதை. ஆனால் லெட்ஜரைப் பாருங்கள்: புருஷனுக்கு எவ்வளவோ அதே தொகை, தனி வரி. கணக்குப்பிள்ளை கொடுத்த இடத்தை நினைவஞ்சலி எழுதினவர் கொடுக்கவில்லை.

காசு விவகாரத்தில் அவர்கள் விவரமாகத்தான் இருந்தார்கள். 1796-லேயே ஓய்ந்துபோன பிரசங்கிகள், விதவைகள், அநாதைகளுக்காக ஒரு நிதி ஏற்படுத்தினார்கள். காரணம் இருக்கிறது. போதகர் குடியிருப்பது சபையின் வீடு. அவர் இறந்தால் சம்பளம் நிற்கும். கொஞ்ச நாள் அவகாசம், பிறகு அடுத்த போதகர் குடும்பம் சாமான்களோடு வாசலில். துக்கத்தோடு வீடும் தேட வேண்டும். இது பற்றி எந்த மரணப் படுக்கைக் காட்சியிலும் வராது.

இருபதாம் நூற்றாண்டில் நிலைமை மாறியது. அமெரிக்க மெதடிஸ்ட் மாநாடுகளில் வருஷா வருஷம் நினைவு ஆராதனை நடத்தி, இறந்த போதகர்களின் பெயர்களோடு அவர்களுடைய துணைவர்களின் பெயர்களையும் வாசிக்கிறார்கள். மாநாட்டு மலரில் இருவருக்கும் வாழ்க்கைக் குறிப்பு போடுகிறார்கள். அங்கே பெண்களுக்கு 1956-ல் முழு ஊழிய உரிமை; பிரிட்டனில் 1974-ல் முதல் பெண் போதகர்கள். ஆகவே துணைவர் என்றால் இப்போது புருஷனாகவும் இருக்கலாம். ஆண்களைப் பற்றி எழுத வேண்டி வந்ததும் இந்தப் பகுதியின் தரம் மடமடவென்று உயர்ந்துவிடும் என்பது என் கணிப்பு.

ஏனென்றால் இடம் கொடுத்தாலும், எழுதுகிற கை பழைய கைதான். ‘அன்பான மனைவி, பாசமுள்ள தாய், சபையின் தூண்.’ நமக்கொன்றும் புதிதில்லை. நம் ஊர்ச் சுவர்களில் கண்ணீர் அஞ்சலி போஸ்டர் பாருங்கள். ‘இன்னாரின் துணைவியார்’ என்று புருஷன் பெயர் கொட்டை எழுத்தில், இறந்தவர் பெயர் அதற்குக் கீழே. சர்ச்சுகளில் ‘பாஸ்டரம்மா’ என்று கூப்பிட்டுக் கூப்பிட்டு, ஞானஸ்நானத்தில் வைத்த பெயரே மறந்துபோன அம்மாக்கள் எத்தனை பேர்! நம்முடைய செங்கம் நடுகற்களைச் செதுக்கின கல்தச்சன் எவ்வளவோ மேல்: எந்த ராஜா காலம், யாருடைய சேவகன், எந்த ஊர் மாடு பிடித்த சண்டையில் செத்தான் என்று மளமளவென்று விவரம் சொல்கிறான், அடைமொழிக்கு அவனிடம் இடமில்லை. (பெண்ணுக்கு அங்கேயும் கஷ்டம்தான். புருஷனோடு தீயில் விழுந்தால்தான் சதிக்கல்.)

போதகர் மனைவியைப் பற்றி எனக்குத் தெரிய வேண்டியது இதுதான்: எத்தனை வீடு மாறினார்? ஒவ்வொரு தடவையும் எதை விட்டுவிட்டுப் போனார்? பிள்ளைகள் எத்தனை பள்ளிக்கூடத்தில் டி.சி. வாங்கினார்கள்? ராத்திரி பதினொரு மணிக்குக் கதவைத் தட்டினவர்களுக்கு யார் எழுந்து கதவைத் திறந்தது?

ஆல்ட்டின் மனைவியைப் பற்றி அதுவும் கேட்க முடியாது. அவர் வீடே பார்க்கவில்லை. ஆனால் கிழக்கிந்தியக் கம்பெனிக் கப்பல்களின் லாக் புத்தகங்கள் லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கின்றன. காற்று எந்தப் பக்கம், கப்பல் எந்த அட்சரேகையில், யார் இறந்தார், எப்போது கடலில் இறக்கினார்கள் என்று தேதிவாரியாக எழுதுவது கப்பல்காரர்களின் வழக்கம். மகன், மகளைப் பார்க்க லண்டன் போகிற வாசகர்கள் மெழுகு பொம்மை மியூசியத்துக்குப் போகிற ஒரு மத்தியானத்தை மிச்சம் பிடித்து, லேடி மெல்வில், 1814 பிப்ரவரி என்று கேட்டுப் பார்க்கலாம்.